ஏ.இசட்.டி.க்கு முந்தைய ஆறு ஆண்டுகள்: எய்ட்ஸ் நோயாளிக்கு என்ன வைத்தியம் பார்த்தார்கள்?

இளவேனில் (கேள்வி)

1981 ஜூன் 5 அன்று பின்னால் எய்ட்ஸ் என்று பெயர் வந்த நோயால் பாதிக்கப்பட்ட லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து ஐந்து இளைஞர்களைப் பற்றிய சிறு குறிப்பு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில் வந்தது. வைரஸுக்கு எதிரான முதல் மருந்தான ஏ.இசட்.டி.க்கு அனுமதி கிடைத்தது 1987 மார்ச் 19 அன்று. இடையில் கிட்டத்தட்ட ஆறு வருடம். அந்த ஆறு வருடத்தில் படுக்கையில் கிடந்தவருக்கு மருத்துவர் என்னதான் எழுதிக் கொடுத்தார் என்று தேடினால், வைரஸை முதலில் பிடித்தது பாரிஸா அமெரிக்காவா என்ற வழக்குதான் எங்கும் கிடைக்கிறது.

தெரிந்தவர்கள் விளக்குங்கள். வைரஸே தெரியாத காலத்தில் எதிர்ப்பு சக்தி போய்விட்டது என்பதை எதை வைத்து அளந்தார்கள்? என்னென்ன மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், அவை ஏன் பலிக்கவில்லை? இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்தில் ஆட்களைக் கொன்றது எச்.ஐ.வி. இல்லை, ஏ.இசட்.டி.தான், அது தூக்கிப்போட்ட புற்றுநோய் விஷம் என்று ஒரு காணொலி வாட்ஸாப்பில் சுற்றுகிறது. அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்துகிறவர்களும் இருப்பார்கள். மருந்தின் அளவு, இறந்தவர் எண்ணிக்கை என்று கணக்கோடு பதில் சொல்ல முடிந்தால் நல்லது.

---

ஸ்லைடுபெட்டி

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

முதல் தடயம் மருந்து இருப்புப் பதிவேட்டில் கிடைத்தது. எதிர்ப்பு சக்தி குன்றியவருக்கு வரும் நுரையீரல் தொற்றான நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவுக்குக் கொடுக்கும் பென்டமிடின் அப்போது அமெரிக்காவில் கடையில் விற்கும் மருந்தல்ல; நோய்க் கட்டுப்பாட்டு மையம் மட்டுமே கையிருப்பு வைத்து, கேட்ட மருத்துவருக்கு அனுப்பும். கேட்பவர் காரணம் எழுத வேண்டும். வழக்கமான காரணம் ரத்தப் புற்றுநோய்க்கான கீமோ, அல்லது உறுப்பு மாற்று. 1981 வசந்தத்தில் எந்தக் காரணமும் சொல்ல முடியாத இளவயது ஆண்களுக்கு அடுத்தடுத்துக் கேட்டு வந்தார்கள். அந்தப் பிரிவில் மருந்து அனுப்பும் பொறுப்பில் இருந்த சாண்ட்ரா ஃபோர்டு இது வழக்கத்துக்கு மாறானது என்று மேலிடத்துக்கு எழுதினார்.

இனி அளவீடு. எளியது தோல் சோதனை. காண்டிடா, மம்ப்ஸ், காசநோய்ப் புரதம் என எல்லாருக்கும் பழக்கமான சில பொருள்களை முன்கையில் தோலுக்குள் 0.1 மி.லி. போட்டு, 48 மணி நேரம் கழித்துத் தடிப்பை விரலால் தொட்டு அளப்பார்கள். சிவப்பைக் கணக்கில் எடுக்கக் கூடாது, கல்லுப் போன்ற தடிப்பு மட்டுமே கணக்கு. 5 மி.மீ. தடிப்பு ஒன்றிலாவது வர வேண்டும். இவர்களுக்கு ஒன்றிலுமே வரவில்லை. இதில் ஒரு வில்லங்கம் இன்றும் இருக்கிறது: எதிர்ப்பு சக்தி இறங்கியவருக்கு மாண்டூ என்ற காசநோய்த் தோல் சோதனை தட்டையாக இருந்தால் காசநோய் இல்லை என்று பொருள் இல்லை.

இரண்டாவது, எதிர்ப்பு சக்திக்கான வெள்ளணு வகையான டி-செல்லின் எண்ணிக்கை. 1979 வாக்கில்தான் ஓ.கே.டி.4, ஓ.கே.டி.8 என்ற ஒற்றைவகை எதிர்ப்புரதங்கள் வந்திருந்தன. இவை ஒளிரும் சாயத்தோடு உதவி டி-செல்லிலும் கொல்லி டி-செல்லிலும் தனித்தனியே ஒட்டிக்கொள்ளும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் காட்லீப் குழுவுக்கு இந்தக் கருவி கைவசம் இருந்தது பெரிய அதிர்ஷ்டம். ஐந்து வருடம் முன்னால் இதே நோய் வந்திருந்தால் லிம்போசைட் (டி-செல்லும் அடங்கிய வெள்ளணு வகை) குறைந்திருக்கிறது என்பதோடு நின்றிருப்பார்கள். ஆரோக்கியமானவருக்கு உதவி செல்லுக்கும் கொல்லி செல்லுக்கும் விகிதம் ஏறக்குறைய 2. இவர்களுக்கு 1-க்கும் கீழே, சிலருக்குப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில். காணாமல் போவது ஒரே ஒரு வகைச் செல் என்று தெரிந்துவிட்டது.

கணக்கு போடும் முறை: மொத்த வெள்ளணு × லிம்போசைட் சதவீதம் × சிடி4 சதவீதம். சிடி4 என்பது மேலே சொன்ன உதவி டி-செல்தான். வெள்ளணு 4,000, லிம்போசைட் 15 சதவீதம் என்றால் 600. அதில் சிடி4 10 சதவீதம் என்றால் 60. மூன்று அளவில் எது பிசகினாலும் விடை பிசகும். நேற்றைய ரத்தத்தின் வெள்ளணு எண்ணிக்கையை இன்றைய சிடி4 சதவீதத்தோடு பெருக்கியதால் வந்த பொய் ஏற்றங்கள் ஏராளம். காலையில் எடுத்தால் குறைவாகவும் மாலையில் எடுத்தால் கூடுதலாகவும் வரும் என்பதால், தொடர்ந்து பார்க்கும் ஒருவருக்கு ஒரே நேரத்தில் ரத்தம் எடுக்க வேண்டும்.

வைரஸைப் பிடித்த கதையில் வழக்கை விட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். 1983 ஜனவரியில் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்துக்கு வந்தது முற்றிய நோயாளியின் திசு அல்ல. கழுத்தில் நெறி கட்டியிருந்த, இன்னும் எய்ட்ஸ் ஆகாத ஒருவரின் நிணநீர்க் கணு. முற்றியவரிடம் வைரஸ் தங்கும் செல்களே தீர்ந்திருக்கும் என்பது கணிப்பு. செல்களைத் தூண்டிவிட்டு, டி-செல்லைப் பெருகத் தூண்டும் இன்டர்லூக்கின்-2 என்ற புரதத்தைச் சேர்த்து வளர்த்தார்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மேல்நீரை எடுத்து, கதிரியக்கம் ஏற்றிய தைமிடின் புது இழையில் சேர்கிறதா என்று பார்த்தார் பிரான்சுவாஸ் பாரே-சினூசி. சேர்ந்தால் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதி இருக்கிறது, அதைக் கொண்ட ரெட்ரோவைரஸ் இருக்கிறது என்று பொருள். பதினைந்தாம் நாள் வாக்கில் அளவு ஏறியது. உடனே செல்கள் சாகத் தொடங்கின, அளவும் இறங்கியது. ரத்த தானம் செய்தவரின் புதிய லிம்போசைட்டுகளைக் கொட்டினார்கள், மறுபடி ஏறியது. அதுவரை தெரிந்திருந்த மனித ரெட்ரோவைரஸ் செல்லைப் பெருக வைப்பது. இது கொல்வது. மாதக் கடைசியில் ஒருமுறை மட்டும் குடுவையைத் திறந்து பார்த்திருந்தால் செத்த செல்கள்தான் மிஞ்சியிருக்கும்.

---

நாலாம்வார்டு

ஆய்வகம் முக்கியம்தான். ஆனால் 1981 முதல் 1987 வரை ஆட்களுக்குக் கூடுதல் மாதங்களைக் கொடுத்தது நியூமோசிஸ்டிஸ் வைத்தியம். அதற்கு வைரஸின் பெயர்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இந்த நிமோனியா ஏமாற்றும். வாரக்கணக்கில் வறட்டு இருமல், லேசான காய்ச்சல், மாடிப்படி ஏறினால் மூச்சு முட்டும். ஸ்டெத்தில் ஒன்றும் கேட்காது. எக்ஸ்ரேயும் ஆரம்பத்தில் சுத்தமாக இருக்கலாம். சளி வராததால் சாதாரணச் சளிப் பரிசோதனை உதவாது. முதலில் நெஞ்சைத் திறந்து நுரையீரல் துணுக்கு எடுத்தார்கள். பிறகு பிராங்கோஸ்கோப் வழியாக உப்புநீர் விட்டுக் கழுவி எடுத்தார்கள். அதற்கும் பிறகு 3 சதவீத உப்புநீரை நெபுலைசரில் சுவாசிக்க வைத்துச் சளியை வரவழைத்தார்கள். வெள்ளிச் சாயம் ஏற்றினால் பச்சைப் பின்புலத்தில் கருப்பாக, ஒரு பக்கம் அமுங்கிப்போன பந்து மாதிரி கூட்டம் கூட்டமாகத் தெரியும். ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

மருந்து கோட்ரைமாக்சசோல், நம் ஊரில் செப்ட்ரான், பாக்ட்ரிம் என்று கேட்டு வாங்குவதே. ஆனால் சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் அளவு இங்கே எடுபடாது. அதில் ஒரு சல்ஃபா மருந்தும் டிரைமெத்தோபிரிமும் சேர்ந்திருக்கும். டிரைமெத்தோபிரிம் கணக்கில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 மி.கி., மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, 21 நாள். 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 900 மி.கி.க்குக் குறையாது. இரட்டை வலிமை மாத்திரையில் 160 மி.கி. இருக்கிறது, ஆக ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை.

தவறு எங்கே நடந்தது என்றால், எட்டாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் பாதிப்பேருக்கு அருகில் காய்ச்சலும் உடம்பெல்லாம் தடிப்பும் வந்தது. மற்ற நோயாளிகளிடம் சல்ஃபா இந்த அளவுக்கு ஒவ்வாமை காட்டுவதில்லை. தடிப்பு வந்ததும் பென்டமிடினுக்கு மாற்றினார்கள். அதைக் கிலோவுக்கு 4 மி.கி., 5 சதவீத டெக்ஸ்ட்ரோசில் கலந்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல், ஆளைப் படுக்க வைத்து ஏற்ற வேண்டும். வேகமாக விட்டால் ரத்த அழுத்தம் தடாலென்று விழும். சர்க்கரை இன்னும் மோசமான பொறி. மருந்து கணையத்தின் பீட்டா செல்லை உடைக்கும்போது உள்ளே இருந்த இன்சுலின் கொட்டிவிடும், சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். சில வாரம் கழித்து அதே ஆளுக்கு நிரந்தர நீரிழிவு. ஆகவே ஊசி முடிந்த பிறகும் சர்க்கரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாவது தவறு அவசரம். மருந்து தொடங்கிய மூன்று முதல் ஐந்து நாளில் பலருக்கு மூச்சு இன்னும் மோசமாகும். மருந்து தோற்றுவிட்டது என்று நினைத்து மாற்றுவார்கள். உண்மையில் செத்துப்போன கிருமிகள் நுரையீரலில் அழற்சியைக் கிளப்புகின்றன. இது தெளிவாகி 1990-ல்தான் ஸ்டீராய்டு முறைக்கு வந்தது: ரத்த ஆக்சிஜன் 70 மி.மீ.க்குக் கீழே இருந்தால், தொடங்கி 72 மணி நேரத்துக்குள், பிரெட்னிசோன் 40 மி.கி. தினம் இரு வேளை 5 நாள், பிறகு ஒரு வேளை 5 நாள், பிறகு 20 மி.கி. 11 நாள். எதிர்ப்பு சக்தியே இல்லாதவருக்கு எதிர்ப்பைக் குறைக்கும் ஸ்டீராய்டா என்று தயங்கியது இயல்புதான்.

---

இளவேனில்

நன்றிங்க, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. ஒரு சந்தேகம்: வந்த பிறகு இவ்வளவு பாடு என்றால், வராமல் தடுக்க அதே மாத்திரையைக் குறைந்த அளவில் முன்கூட்டியே கொடுத்திருக்கலாமே?

---

நாலாம்வார்டு

கொடுத்திருக்கலாம். கொடுத்திருக்க வேண்டும். இந்த வரலாற்றில் மனதை அறுக்கும் இடம் இதுதான்.

1977-லேயே விடை அச்சில் இருந்தது. மெம்ஃபிஸ் நகரத்து செயின்ட் ஜூட் மருத்துவமனையில் வால்டர் ஹியூஸ் புற்றுநோய்க் குழந்தைகளிடம் சோதித்தார். வெற்று மருந்து வாங்கிய 80 பேரில் 17 பேருக்கு இந்த நிமோனியா. கோட்ரைமாக்சசோல் வாங்கிய 80 பேரில் ஒருவருக்கும் இல்லை. நியூயார்க்கில் ஜோசப் சானபெண்ட் போன்ற சில மருத்துவர்கள் இதை வைத்துத் தங்கள் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். 1987 மேயில் மைக்கேல் கேலன் என்ற நோயாளி-செயற்பாட்டாளர் அமெரிக்க அரசின் தொற்றுநோய் ஆய்வு நிறுவனத் தலைவர் அந்தோனி ஃபௌச்சியைச் சந்தித்து, எல்லா மருத்துவர்களுக்கும் இடைக்கால வழிகாட்டுதல் கொடுங்கள் என்று கேட்டார். எய்ட்ஸ் நோயாளிகளிடமே செய்த ஆய்வு வேண்டும் என்பது பதில். 1988-ல் அந்த ஆய்வும் வந்தது: மாத்திரை வாங்கிய 30 பேரில் ஒருவருக்கும் இல்லை, வாங்காத 30 பேரில் 16 பேருக்கு வந்தது. அரசு வழிகாட்டுதல் 1989 ஜூனில். சிடி4 200-க்குக் கீழே இறங்கினால் தொடங்கு என்ற கோடு அப்போது போட்டதுதான்.

தயக்கத்துக்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சல்ஃபா ஒவ்வாமை உண்மையான பயம். ஆனால் ஒரு மலிவு மாத்திரை 1977 ஆதாரத்தோடு அலமாரியில் இருந்தபோது எல்லாக் கண்ணும் புதிய மருந்தின் மேல் இருந்தது.

சல்ஃபா ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பென்டமிடின் 300 மி.கி.யை நான்கு வாரத்துக்கு ஒருமுறை நெபுலைசரில் சுவாசிக்கக் கொடுத்தார்கள். சாதாரண நெபுலைசர் போதாது. துளி பெரிதானால் தொண்டையிலேயே தங்கிவிடும், நுரையீரல் அடிவரை போகாது. சரியான கருவியிலும் உட்கார்ந்து இழுத்தால் மேல் மடல்களுக்குக் குறைவாகத்தான் சேரும். அதனால் நோய் திரும்பியவர்களுக்கு நுரையீரல் உச்சியில் வந்தது, சிலருக்கு அங்கே காற்றுப்பை உடைந்து நுரையீரல் சுருங்கியது. மாத்திரை உடம்பு முழுக்கப் போகும், ஆவி போகாது.

---

மருந்துக்கணக்கு

இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு வருகிறேன்.

வைரஸ் தெரியும் முன் எடுத்த வழி, போனதை நிரப்புவது. இன்டர்லூக்கின்-2 ஏற்றினார்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கிளிஃபோர்டு லேன் குழு ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஆரோக்கியமானவரின் லிம்போசைட்டுகளையும் எலும்பு மஜ்ஜையையும் நோயுற்றவருக்கு ஏற்றியது. இரட்டையர் என்பதால் உடல் நிராகரிக்காது. செல் எண்ணிக்கை கொஞ்சம் ஏறியது, பிறகு விழுந்தது. உள்ளே இருக்கும் வைரஸுக்குப் புதுச் செல்லும் இரைதான். எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வரும் கபோசி சர்கோமா என்ற புற்றுநோய்க்கு ஆல்ஃபா இன்டர்ஃபெரான் அதிக அளவில் கொடுத்தபோது சிலருக்குக் கட்டிகள் சுருங்கின. சிடி4 ஓரளவு மிஞ்சியிருந்தவர்களுக்கே அது பலித்தது. ஊசிக்கு விலை தினமும் கடும் காய்ச்சலும் உடல்வலியும்.

வைரஸ் தெரிந்த பின் அதன் நொதியை அடைக்கும் பொருளைத் தேடினார்கள். சுராமின் ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கான பழைய மருந்து. சோதனைக் குழாயில் நொதியை நன்றாக அடைத்தது. நோயாளிக்கு வாரம் 1 கிராம் ஏற்றியபோது உடல்நிலையும் தேறவில்லை, சிடி4-உம் ஏறவில்லை. சிலருக்கு அட்ரினல் சுரப்பி பழுதானது. காரணம் அதன் உருவம்: பெரிய மூலக்கூறு, மின்சுமை அதிகம், செல்லுக்குள் நுழையத் திணறும். வைரஸ் வேலை செய்வதோ செல்லுக்குள். எச்.பி.ஏ.-23 என்பது பாரிஸில் கொடுத்த ஆன்டிமனி-டங்ஸ்டன் சேர்மம். நடிகர் ராக் ஹட்சன் அங்கே போனது இதற்காகத்தான். நொதி அளவு தற்காலிகமாக இறங்கும், கூடவே ரத்தத் தட்டணுவும் இறங்கும். நிறுத்தினால் பழையபடி.

இப்போது ஏ.இசட்.டி. காணொலி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் ஆபத்து. 1964-ல் டெட்ராய்ட்டில் ஜெரோம் ஹார்விட்ஸ் இதைப் புற்றுநோய்க்காகச் செய்தது உண்மை. அது ஒதுக்கப்பட்டது எலிகளின் ரத்தப் புற்றுநோயில் வேலை செய்யாததால். இது தைமிடின் மாதிரியே இருக்கும்; ஆனால் அடுத்த கண்ணி மாட்ட வேண்டிய இடத்தில் கொக்கிக்குப் பதில் அசைடு தொகுதி இருக்கிறது. வைரஸின் நொதி இதை எடுத்து இழையில் வைத்தால் இழை அத்தோடு முடிந்தது. 1985 பிப்ரவரியில் அமெரிக்கப் புற்றுநோய் நிறுவனத்தில் ஹிரோவாக்கி மிட்சுயா, சாமுவேல் புரோடர் குழு இதைச் செல் வளர்ப்பில் காட்டியது. அதே ஜூலையில் முதல் நோயாளிக்குக் கொடுத்தார்கள்.

அடுத்த சோதனையில் 282 பேர், 12 மையங்கள். 250 மி.கி. நான்கு மணிக்கு ஒருமுறை, இரவிலும். நாளைக்கு 1,500 மி.கி. ரத்தத்தில் மருந்து ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறதே என்ற கணக்கில் போட்ட அளவு அது. 1986 செப்டம்பரில் சோதனையை நிறுத்தும்போது வெற்று மருந்துப் பிரிவில் 19 பேர் இறந்திருந்தார்கள், ஏ.இசட்.டி. பிரிவில் ஒருவர். மருந்துதான் கொன்றது என்பவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

விஷத்தன்மையும் உண்மைதான். ஹீமோகுளோபின் 7.5-க்குக் கீழே போனது ஏ.இசட்.டி. வாங்கியவர்களில் 24 சதவீதம், மற்றவர்களில் 4 சதவீதம். மஜ்ஜையில் செல்கள் ஓயாமல் பிரிவதால் அங்கே அடி அதிகம். ஐந்தில் ஒருவருக்குத் திரும்பத் திரும்ப ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. அளவு தேவைக்கு மேல் இருந்தது என்று பிறகு தெரிந்தது. பாதி அளவும் அதே பலன் கொடுத்தது. 1990-ல் 600 மி.கி.யாகக் குறைத்தார்கள். ரத்தத்தில் சீக்கிரம் குறைந்தாலும் செல்லுக்குள் போய் மாறிய வடிவம் கூடுதல் நேரம் நிற்கிறது. நள்ளிரவில் அலாரம் வைத்து எழுந்து விழுங்கியது தேவையே இல்லாத பாடு. இன்று 300 மி.கி. காலை, மாலை.

---

ஸ்லைடுபெட்டி

மருந்துக்கணக்கு ஐயா சொன்னதோடு இரண்டு சேர்க்க வேண்டும்.

ஒன்று, அந்தச் சோதனை முழுதாக மறைவாக இருந்திருக்க முடியாது. ஏ.இசட்.டி. எடுப்பவரின் சிவப்பணு சில வாரத்தில் பெரிதாகும், ரத்த அறிக்கையில் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 100-ஐத் தாண்டும். அறிக்கை பார்க்கும் மருத்துவருக்கு யார் எதில் என்று ஊகிக்க முடியும். கேப்சூலைத் திறந்து நாக்கில் வைத்துப் பார்த்தவர்களும், மாத்திரையைக் கலந்து பங்கிட்டுக்கொண்டவர்களும் இருந்தார்கள். ஆனால் பங்கிட்டால் இரு பிரிவுக்கும் வித்தியாசம் குறையத்தான் செய்யும். 19-க்கு 1 என்ற இடைவெளியை அது உண்டாக்காது.

இரண்டு, பலன் நிலைக்கவில்லை. ஏறிய சிடி4 இருபது வாரம் வாக்கில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. 1989-ல் காரணம் தெரிந்தது: மருந்துக்கு வளையாத வைரஸ். நொதியில் சில எழுத்து மாறினால் போதும், அதுவோ படியெடுப்பில் ஓயாமல் பிழை செய்யும் வைரஸ். 1993-ல் வந்த கன்கார்டு சோதனையில் அறிகுறி இல்லாத 1,749 பேர். முன்பே தொடங்கியவர்களுக்கும் தள்ளித் தொடங்கியவர்களுக்கும் மூன்று ஆண்டில் உயிர்பிழைப்பில் வித்தியாசம் இல்லை: 92 சதவீதம், 94 சதவீதம். காணொலிக்காரர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான். தனியாகக் கொடுத்த ஒரு மருந்தின் பலன் தேய்ந்துவிடும் என்பதே அதன் பொருள். 1996-ல் ஆட்களைப் படுக்கையிலிருந்து எழுப்பிய மூன்று மருந்துக் கூட்டிலும் இதே ஏ.இசட்.டி. இருந்தது, லாமிவுடின், இண்டினாவிரோடு.

---

சீரம்

பரிசோதனை பற்றி யாரும் சொல்லவில்லை. 1985 மார்ச்சில், ரத்தத்தில் எச்.ஐ.வி.க்கான எதிர்ப்பொருளைத் தேடும் எலைசா சோதனைக்கு அமெரிக்காவில் அனுமதி வந்தது. ரத்த வங்கிக்கு அது உயிர்காப்பு. ஆனால் தனி ஆளிடம் எலைசாவை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது. ஆயிரத்தில் ஒருவருக்குத் தொற்று இருக்கும் ஊரில், நூற்றுக்கு ஒன்று பொய்யாகக் காட்டும் கருவியை வைத்தால், நிஜமான ஒருவரோடு பொய்யாகப் பத்துப் பேர் மாட்டுவார்கள். முதல் கருவிகளுக்கான வைரஸை எச்9 என்ற மனித செல்லில் வளர்த்ததால் அந்தச் செல்லின் புரதமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. பல பிரசவம் ஆன பெண்களுக்கும் பலமுறை ரத்தம் ஏற்றியவர்களுக்கும் அந்தப் புரதத்துக்கே எதிர்ப்பொருள் இருக்கும். பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். அதனால்தான் வைரஸ் புரதங்களைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட் என்ற உறுதிச் சோதனை கட்டாயமானது.

நம் ஊரிலும் அந்த வரிசையில்தான் நடந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் வழிகாட்ட, பட்டமேற்படிப்பு மாணவி செல்லப்பன் நிர்மலா ரத்தம் சேகரித்தார். பிரித்த சீரம் நிர்மலாவின் வீட்டுக் குளிர்பெட்டியில் இருந்தது. 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியில் வைத்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு ரயிலில் கொண்டுபோய் எலைசா செய்தார்கள். ஆறு மாதிரிகள் பாசிட்டிவ். மறுபடி ரத்தம் எடுத்து, அமெரிக்காவில் வெஸ்டர்ன் பிளாட்டில் உறுதியான பிறகுதான் அறிவித்தார்கள்.

---

இளவேனில்

எல்லாருக்கும் நன்றி. 24-க்கு 4, 19-க்கு 1 இரண்டையும் சேர்த்தே பதிலில் எழுதப் போகிறேன். கடைசியாக ஒன்று: அந்தத் தடுப்பு மாத்திரை இன்றும் உண்டா, அல்லது கூட்டு மருந்து வந்ததும் போய்விட்டதா?

---

நாலாம்வார்டு

இன்றும் உண்டு. எச்.ஐ.வி. கூட்டு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையங்களில் சிடி4 350-க்குக் கீழே இருப்பவருக்கு இரட்டை வலிமை மாத்திரை தினம் ஒன்று. 200 என்ற பழைய கோடு நியூமோசிஸ்டிஸுக்கு மட்டும். மூளையைத் தாக்கும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியையும் சில பாக்டீரியாத் தொற்றையும் சேர்த்துத் தடுப்பதால் இங்கே கோடு மேலே இருக்கிறது. தொடங்கிய இரண்டாம் வாரத்தில் தடிப்பு வந்தால் தானாக நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கக் கூடாது, மையத்துக்குப் போக வேண்டும். வாயில் புண், கண் சிவப்பு, தோல் உரிதல் இருந்தால் அன்றைக்கே. வெறும் தடிப்பு என்றால் சொட்டு அளவில் தொடங்கி நாளுக்கு நாள் கூட்டிப் பழக்க முடியும். முடியாதவருக்கு டாப்சோன் உண்டு, அதற்கு முன் ஜி6பிடி என்ற சிவப்பணு நொதி குறைவா என்று பார்த்துவிட வேண்டும்.